இறங்கிய பதவியும் இறங்காத மதிப்பும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவரையொருவர் காணும் நேரம். ஸலாம் உரைத்து, கைகொடுத்து, வீட்டார் நலம் விசாரித்து முடித்ததும் நம் நாவில் தன்னால் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. "இப்பொழுது எங்கே வேலை?"

கேட்பவருக்கு அது பேச்சை வளர்க்கும் ஒரு சொல். அன்பினால் கேட்பதும் உண்டு. ஆனால் வேலையை இழந்து நிற்பவருக்கும், இழந்த வேலையினும் தாழ்ந்த வேலை ஒன்றைப் பற்றிக்கொண்டு நாளை ஓட்டுபவருக்கும் அக்கேள்வி முள்ளாய்த் தைக்கிறது. மெய்யைச் சொன்னால் மதிப்புக் குறையுமோ என்று மனம் அஞ்சுகிறது. பொய்யைச் சொல்ல ஈமான் இடம் தருவதில்லை. இரண்டுக்கும் நடுவே தவித்து, அக்கேள்வியே எழாத இடத்தைத் தேடி ஓடியவர் ஒருவரை நான் அறிவேன்.

அன்பார்ந்த வாசகர்களே! அவர் கதையை அவருடைய இசைவோடுதான் இங்கே கூறுகிறேன். பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலும், ஏன், உங்கள் இல்லத்திலேயே இப்படி ஒருவர் இருக்கக்கூடும்.

நான்கு மாவட்டங்களின் மேலாளர்

திருச்சியில் வாழும் என் நண்பர் அவர். இருபத்து நான்காம் வயதில் ஒரு நுகர்பொருள் நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். கடை கடையாய் ஏறி இறங்கி, படிப்படியாய் உயர்ந்து, நான்கு மாவட்டங்களுக்கு விற்பனை மேலாளர் ஆனார். நிறுவனம் கார் கொடுத்திருந்தது. அவர் சொல்லுக்குக் காத்து நின்ற விற்பனையாளர்கள் நாற்பது பேருக்குக் குறையமாட்டார்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. வணிகம் முடங்கியது. ஜூன் மாதத்தில் நிறுவனம் இரண்டு வட்டாரங்களை ஒன்றாக்கியது. இரண்டு மேலாளர் இருந்த இடத்தில் ஒருவர் போதும் என்றானது. தொலைபேசியில் ஐந்து நிமிடப் பேச்சு. மறுநாள் ஒரு கடிதம். அதற்கு மறுநாள் கார் சாவியைப் பெற்றுச்செல்ல ஓர் ஆள். இருபத்து மூன்று ஆண்டுப் பணி அவ்வளவில் முடிந்தது. அவருக்கு அப்பொழுது வயது நாற்பத்தேழு.

அதே பதவி, அதே ஊதியம் என்று தேடத் தொடங்கினார். விண்ணப்பங்கள் பல அனுப்பினார். எல்லா நிறுவனங்களும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. பதில் வந்த ஓரிரு இடங்களிலும் இளைஞரையே நாடினார்கள். ஏழு மாதங்கள் கழிந்தன. சேமிப்புக் கரைந்தது. ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்டிருக்கலாம். கேட்டால் நிலைமை ஊருக்குத் தெரிந்துவிடுமே! எனவே மனைவியின் நகையை வெளியே கொண்டுபோய் வட்டிக்கு அடகு வைத்தார். கண்ணியத்தைக் காப்பதாக எண்ணி, அல்லாஹ்வும் அவன் தூதரும் கடுமையாய்த் தடுத்த ஒன்றில் போய்க் கையை வைத்தார். இதைச் சொல்லும்பொழுது இன்றும் அவர் குரல் தழுதழுக்கும்.

தமிழ்நாட்டில் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் பள்ளிவாசல்கள் மீண்டும் திறக்கப்பட்டன. ஊரே மகிழ்ந்தது. அவரோ தம் மஹல்லாப் பள்ளிவாசலை விட்டு, தம்மை எவரும் அறியாத தூரத்துப் பள்ளிவாசல் ஒன்றைத் தேடி ஜும்ஆவுக்குச் சென்றார். முற்றத்தில் நின்ற அந்தக் கேள்விக்கு அஞ்சினார்.

"நானே வருகிறேன்"

2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள், முன்பு பழகிய ஏஜென்சி உரிமையாளர் ஒருவர் அவரை அழைத்தார். வேறொரு நிறுவனத்தின் பிஸ்கட்டும் சோப்பும் அவர் ஏஜென்சியில் விற்பனை ஆகின்றன. "லைனுக்குப் போக ஆள் இல்லை, பாய். உங்களுக்குத் தெரிந்த நல்ல பையன் இருந்தால் அனுப்பி வையுங்கள்" என்றார். நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நானே வருகிறேன்" என்றார். உரிமையாளர் அதை வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தாராம்.

லைன் விற்பனை என்பது என்னவென்று சில வாசகர்கள் அறியாதிருக்கலாம். நாளுக்கு ஒரு வட்டம். அதில் முப்பது, நாற்பது கடைகள். இருசக்கர வண்டியில் கடை கடையாய்ச் சென்று ஆர்டர் எடுக்கவேண்டும்; சென்ற வாரச் சரக்குக்குப் பணம் வசூலிக்கவேண்டும்; சரக்கு மறுநாள் வண்டியில் போகும். கடைக்காரர் கூட்டத்தில் இருந்தால் வெயிலில் ஓரமாய் நிற்கவேண்டும். "இன்று ஒன்றும் வேண்டாம்" என்பதைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்ளவேண்டும். ஊதியம் அவர் பழைய ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இருபத்து நான்கு வயதில் எங்கே தொடங்கினாரோ அங்கேயே நாற்பத்தேழு வயதில் மீண்டும் வந்து நின்றார்.

அன்று இரவு அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நான் செய்வது பொறுமையா, தோல்வியா?" அக்கேள்விக்கு என் சொந்த அறிவில் விடை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நம் முன்னோர் வாழ்ந்து காட்டிய விடைகளை நினைவூட்டினேன். அவற்றையே உங்கள் முன்னும் வைக்கிறேன்.

மாளிகையிலிருந்து மந்தைக்கு

நபி மூஸா (அலை) அவர்கள் எங்கே வளர்ந்தார்கள்? ஃபிர்அவ்னின் மாளிகையில். எகிப்தின் செல்வமும் செல்வாக்கும் சூழ வளர்ந்தவர்கள், ஒருநாள் உயிருக்கு அஞ்சி, துணையின்றி, உணவின்றி மத்யன் என்னும் ஊரை அடைந்தார்கள். அங்கே நீர்த்துறையில், தம் ஆடுகளுக்கு நீர் காட்ட இயலாது ஒதுங்கி நின்ற இரு பெண்மணிகளுக்கு உதவினார்கள். பின்னர் நிழலில் ஒதுங்கி, தன் இறைவன் எந்த நன்மையை இறக்கினாலும் அதன்பால் தாம் தேவையுடையவர் என்னும் கருத்தில் இறைஞ்சினார்கள். திருமறையின் 28ஆம் அத்தியாயமான சூரத்துல் கஸஸ் இவ்வரலாற்றை விரித்துரைக்கிறது.

அந்த துஆவை எண்ணிப் பாருங்கள். மாளிகையைத் திருப்பித் தா என்று அவர்கள் கேட்கவில்லை. எந்த நன்மையாயினும் சரி என்றார்கள். கிடைத்தது என்ன? ஒரு முதியவரிடம் கூலிக்குப் பணி. எட்டு ஆண்டு உடன்படிக்கை. விரும்பினால் பத்து ஆண்டு. அரண்மனையில் வளர்ந்தவர் ஆடு மேய்க்கும் கூலியாள் ஆனார்! அந்த மேய்ச்சல் காலம் முடிந்து திரும்பும் வழியில்தான் தூர் மலையருகே இறையழைப்பு வந்தது.

அம்முதியவரிடம் அவருடைய மகள், கூலிக்கு அமர்த்துவதற்குச் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உள்ளவரே என்னும் கருத்துப்படக் கூறியதையும் திருமறை எடுத்துரைக்கிறது. ஒருவரை வேலைக்கு அமர்த்த இரண்டே தகுதிகள்: செய்யும் திறன், நம்பத்தக்க குணம். முன்பு வகித்த பதவியின் பெயர் அங்கே பேசப்படவில்லை. பதவி போனபொழுது இவ்விரண்டும் நம்மை விட்டுப் போவதில்லை என்பதை, வேலையிழந்த ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ளவேண்டும்.

சந்தைக்கு வழி கேட்டவர்

மக்காவின் வணிகப் பெருமக்களில் ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபொழுது கையில் ஒன்றுமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாய்ப் பிணைத்தார்கள். அப்துர் ரஹ்மானுக்கு வாய்த்த சகோதரர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள், மதீனத்துச் செல்வந்தர். தம் செல்வத்தில் சரிபாதியைத் தருவதாக முன்வந்தார்கள். எத்தகைய பெருந்தன்மை!

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் ஸஅதின் குடும்பத்துக்கும் செல்வத்துக்கும் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள். பிறகு, சந்தை எங்கே இருக்கிறது என்று வழி காட்டுமாறு கேட்டார்கள். பனூ கைனுகாவின் சந்தை காட்டப்பட்டது. அங்கே சென்று பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் திரும்பினார்கள். நாள்தோறும் சென்றார்கள். பெருவணிகர் ஒருவர், தம்மை எவரும் அறியாத ஊரின் சந்தையில் நெய் விற்பவராய் நின்றார்! சில காலத்தில், திருமணம் செய்துகொள்ளும் அளவுக்கு நிலை உயர்ந்தது. வலீமா விருந்துக்கு ஓர் ஆடாவது கொடுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்கு அறிவுறுத்தினார்கள். பின்னாளில் மதீனாவின் பெருஞ்செல்வர்களில் ஒருவராய் விளங்கி, வாரி வழங்கினார்கள்.

இவ்வரலாற்றைக் கேட்கும்பொழுது நாம் பெரும்பாலும் கடைசியில் வந்த செல்வத்தையே எண்ணுகிறோம். முதல் நாளை எண்ணவேண்டும். அந்த முதல் நாள் சந்தையில் நின்றவருக்குப் பின்னாளில் வரப்போகும் செல்வம் தெரியாது. கையில் இருந்தது நெய்யும் பாலாடைக் கட்டியும். மனத்தில் இருந்தது தவக்குல். அவ்வளவே.

பறவையும் கோடரியும்

தவக்குல் என்னும் சொல்லைச் சொல்லிக்கொண்டு வீட்டில் அமர்ந்திருப்போர் உண்டு. அல்லாஹ் எனக்கென்று எழுதியது என்னைத் தேடி வரும் என்பார்கள். மெய்தான். ஆனால் அல்லாஹ்வின் மீது முறையாய் நம்பிக்கை வைப்போருக்குப் பறவையை உவமை காட்டினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். காலையில் ஒட்டிய வயிற்றோடு கூட்டை விட்டுப் புறப்பட்டு, மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகிறது அப்பறவை. அது கூட்டிலேயே இருந்துவிடவில்லை! நேற்று இரை கிடைத்த அதே மரத்தில்தான் இன்றும் இரை வேண்டும் என்று பிடிவாதமும் செய்வதில்லை.

அபூதாவூத் நூலில் இடம்பெறும் மற்றொரு நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. உதவி கேட்டு வந்தார் அன்ஸாரி ஒருவர். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று வினவினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமும் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து, தாமே ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு. மற்றொன்று ஒரு கோடரிக்கு. அக்கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வருமாறு பணித்தார்கள். அவர் திரும்பி வந்தபொழுது பத்து திர்ஹம் ஈட்டியிருந்தார்.

இதில் நான் மிகவும் வியப்பது, அந்த ஒரு திர்ஹம் உணவைத்தான். முதலில் வீட்டில் அடுப்பு எரியவேண்டும், பிறகே தொழில். வேலையிழந்தவருக்கு அறிவுரை கூறப் புறப்படும் நாம், அவர் வீட்டு அரிசிப் பானையை எண்ணிப் பார்க்கிறோமா?

பட்டமாய் நின்ற தொழில்

நம் மார்க்க அறிஞர்கள் சிலரின் பெயர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அடைமொழிகளின் பொருள் நமக்குத் தெரியுமா? வக்ஃபுச் சட்டம் பற்றிப் புகழ்பெற்ற நூலை இயற்றிய இமாம் கஸ்ஸாஃப் செருப்புத் தைத்து வாழ்ந்தவர். அடைமொழியின் பொருளே அதுதான். கஃப்ஃபால் என்றால் பூட்டுச் செய்பவர். அப்பெயர் தாங்கிய மர்வ் நகரத்து ஷாஃபிஈ அறிஞர், பூட்டுத் தொழிலில் தேர்ந்தபின் முப்பது வயதளவில்தான் கல்வியைத் தொடங்கினார். ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணச் சாந்து வேலை செய்பவர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகர். தொழிலின் பெயரால் அழைக்கப்படுவதை இழிவென்று அவர்கள் எண்ணியிருந்தால், அப்பெயர்கள் நூலட்டைகளில் நிலைத்திருக்குமா? செய்யும் தொழிலின் பெயரைச் சொல்ல நாம்தான் நாணுகிறோம்.

நேற்றைய இளையவர், இன்றைய மேலவர்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் நண்பருக்கு ஒரு சோதனை வந்தது. ஏஜென்சியை மேற்பார்வையிட நிறுவனத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். முன்பு நண்பரின் கீழ்ப் பயிற்சி பெற்றவர்! நண்பரைக் கண்டதும் அவ்விளைஞர் திகைத்து எழுந்து, "சார், நீங்கள் உட்காருங்கள்" என்றார். கணக்குக் கேட்கவேண்டியவர் கேட்க இயலாமல் தயங்கினார். நண்பரே தம் ஆர்டர் விவரத்தை எடுத்து அவர் முன் வைத்து, "தம்பி, வயதில் நான் மூத்தவன், வேலையில் நீங்கள் மேலவர். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, அன்று வீடு திரும்பும் வழியில் வண்டியை ஓரமாய் நிறுத்தி அழுததாக என்னிடம் கூறினார்.

அழுவது குற்றமன்று. உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்கள் இருபது வயதை ஒட்டிய இளைஞராய் இருந்தபொழுது, கி.பி. 632இல், முதுபெரும் தோழர்கள் அடங்கிய படைக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தலைவராக்கினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், பெருமானார் அதை ஏற்கவில்லை. நாயகத்தின் மறைவுக்குப் பின் அப்படையை வழியனுப்பிய கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், குதிரைமீது அமர்ந்திருந்த அவ்விளைஞரின் பக்கத்தில் கால்நடையாய் நடந்து சென்றார்கள். இளையவரின் கீழ்ப் பணிபுரிவது தாழ்வு என்பவர், அந்தப் புழுதிப் பாதையை நினைத்துக்கொள்ளட்டும்.

ஈர தானியமும் காலாவதி நாளும்

இனி, விற்பனை வேலையின் உள்ளே இருக்கும் சோதனைக்கு வருவோம். வேலை சிறிதாயிருக்கலாம், அதில் ஈமானுக்கு வரும் தேர்வு சிறிதன்று.

மாத முடிவு. இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை. எட்டாவிட்டால் வெறும் சம்பளம். ஏஜென்சிக் கிடங்கில் சில பெட்டி பிஸ்கட். காலாவதி ஆக இன்னும் மூன்றே வாரம். "கடைசித் தெருக் கடைகளில் தள்ளிவிடுங்கள்" என்று குறிப்பு வந்தது. ஒரு தெருமுனையில் வயதான அம்மாள் ஒருவரின் பெட்டிக்கடை. எழுதப் படிக்கத் தெரியாதவர். "நீ கொடுத்தால் சரிதான், தம்பி" என்று நம்பி வாங்குபவர். இரண்டு பெட்டி எடுத்துக்கொள்வார் என்பதில் ஐயமில்லை. அன்றைய இலக்குக்கு அந்த இரண்டு பெட்டிகள் போதும்.

நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபொழுது விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். முஸ்லிம் நூலில் உள்ள இச்செய்தியை நாம் பல முறை கேட்டிருப்போம். கேட்பது எளிது, மாத முடிவில், வீட்டில் நகை அடகில் இருக்கும்பொழுது, அதன்படி நிற்பதுதான் அரிது.

நண்பர் அந்த அம்மாளிடம், "அம்மா, இந்தச் சரக்குக்கு நாள் நெருங்கிவிட்டது. மூன்று வாரத்துக்குள் விற்றால்தான் ஆயிற்று" என்று சொல்லிவிட்டார். அம்மாள் வாங்கவில்லை. இலக்கு நிறைவேறவில்லை. அம்மாத ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. உரிமையாளரும் முகம் சுளித்தார். தயங்கித் தயங்கி மனைவியிடம் கூறியபொழுது அவர் சொன்னாராம்: "அந்தப் பணம் நம் பிள்ளைகள் தட்டில் விழாமல் போனதற்கு அல்ஹம்துலில்லாஹ்." நான்கு மாவட்டங்களுக்கு மேலாளராய் இருந்த நாளில்கூட இவ்வளவு பெரிய பாராட்டைத் தாம் பெற்றதில்லை என்கிறார் நண்பர்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பங்காளி, குறையுள்ள துணியை அக்குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டபொழுது, அவ்விற்பனையில் வந்த பணத்தையே இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்பது வரலாறு. பொய்ச் சத்தியம் சரக்கை விற்கும்; பரக்கத்தை அழித்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து. சரக்கின் தரம் சொல்லும் ஒவ்வொரு நாவும் இதை நினைக்கவேண்டும்.

பொறுமை என்பது வாய்மூடி இருத்தலன்று

அன்பர்களே! கிடைத்த வேலையைப் பொறுமையோடு ஏற்கச் சொல்வதால், உரிமையைக் கைவிடச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. கொடுப்பவருக்குக் கடமையென்றால் பெறுபவருக்கு அது உரிமை.

நண்பர் வேலையிழந்தபொழுது நடைமுறையில் இருந்தது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கு, ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் வீதம் இழப்பீடு தரவேண்டும் என்றது அது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் உள்ளோரைத் தொழிலாளி என்று அச்சட்டம் ஏற்கவில்லை. எந்த மேலாளர் பதவியை எண்ணி அவர் பெருமிதம் கொண்டிருந்தாரோ, அதுவே அவரை அப்பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது! பணி நியமனக் கடிதத்தில் எழுதியிருந்த அளவே அவருக்குக் கிடைத்தது. எனவே வேலையில் இருக்கும்பொழுதே நியமனக் கடிதத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். புதிய விற்பனை வேலைக்குச் செல்வோர், நிலையான சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு, பெட்ரோல் செலவு யாருடையது, வசூலாகாத பாக்கிக்கு யார் பொறுப்பு என்பவற்றை முதல் நாளே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் திருமறை வசனம்தானே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம்!

கடைகளில் விற்பனைக்கு நிற்போருக்கும் ஒரு செய்தி. நாள் முழுதும் காலில் நிற்கும் அவர்களுக்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு 2021ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் செய்தது. கேரளம் 2018லேயே செய்தது. துணிக்கடையும் நகைக்கடையும் நடத்தும் நம் சமுதாயப் பெரியவர்களே! உங்கள் கடையில் நிற்கும் ஊழியருக்கு அமர ஒரு நாற்காலி போட்டிருக்கிறீர்களா? நேற்று வரை எங்கோ மேலாளராய் இருந்தவர் இன்று உங்கள் கடையில் துணி விரித்துக் காட்டலாம். அவரை எவ்வாறு அழைக்கிறீர்கள் என்பதற்கும் கேள்வி கணக்கு உண்டு.

இல்லத்தாரின் பங்கு

வேலையிழந்தவரைத் தாங்கும் முதல் தூண் இல்லம். ஹிரா குகையிலிருந்து நடுங்கியவராய் வந்த நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்வை போர்த்தினார்கள். பிறகு அவர்களுடைய நற்குணங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக் கூறித் தேற்றினார்கள். உலகம் கைவிட்டதாய் உணரும் ஒருவருக்கு, அவருடைய நற்குணத்தை அவருக்கே நினைவூட்டுவதைக் காட்டிலும் பெரிய மருந்து இல்லை.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி) அவர்கள், தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மம் ஆகுமா என்று வினவினார்கள். உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என இரண்டு நற்கூலிகள் உண்டு என்று விடை கிடைத்தது. நண்பரின் துணைவியார் வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டார். "மனைவி சம்பாத்தியம்" என்று உறவினர் சிலர் பேசியபொழுது, இந்த நபிமொழியை எடுத்துச் சொல்லி வாயடைத்தார்.

அவர் செய்த மற்றொன்று என் உள்ளத்தைத் தொட்டது. கல்லூரியில் படிக்கும் மகன், நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று முணுமுணுத்தான். அத்தாவின் வண்டியில் பின்னால் அமர்ந்து ஒருநாள் லைன் முழுதும் சென்றுவரச் சொன்னார் தாயார். காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை முப்பத்தெட்டுக் கடைகள். மறுநாள் முதல் மகன் முணுமுணுக்கவில்லை. பேருந்தில் கல்லூரிக்குப் போகத் தொடங்கினான். வண்டிக்காகக் கேட்டுக்கொண்டிருந்த பணத்தையும் கேட்பதை நிறுத்தினான்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு விண்ணப்பம். நேற்று வரை ஜகாத் கொடுத்தவர், இன்று பெறத் தகுதியானவராய் மாறியிருக்கலாம். திருமறை கூறும் எட்டு வகையினரில் கடனில் மூழ்கியோரும் உள்ளனர். அவர்கள் வரிசையில் வந்து நிற்கமாட்டார்கள், கை நீட்டமாட்டார்கள். கேட்காதவரைக் கண்டறிந்து, வலக்கரம் தருவதை இடக்கரம் அறியாதவாறு கொடுப்பது நம் கடமை. அப்படி ஒரு கை அன்று நீண்டிருந்தால், என் நண்பர் நகையைத் தூக்கிக்கொண்டு வட்டிக் கடைக்குப் போயிருக்கமாட்டார்.

மீண்டும் அதே முற்றம்

நண்பர் இன்றும் லைனுக்குத்தான் செல்கிறார். பழைய பதவி திரும்பி வரவில்லை. மேலான வேலை கிடைத்தால் போகத் தடையில்லை. தேடுவதையும் அவர் விடவில்லை. இரண்டு ஆண்டில் நகையை மீட்டுவிட்டார். அதன்பின் ஒரு வெள்ளிக்கிழமை தம் மஹல்லாப் பள்ளிவாசலுக்கு வந்தார். தொழுகை முடிந்து முற்றத்தில் நின்றபொழுது, பழகிய பெரியவர் ஒருவர் தோளில் கைவைத்து அந்தக் கேள்வியைக் கேட்டே விட்டார்: "இப்பொழுது எங்கே வேலை?"

"ஏஜென்சி ஒன்றில் லைன் சேல்ஸ்மேன், மாமு. கடை கடையாய்ப் போய் ஆர்டர் எடுக்கிறேன்" என்றார் நண்பர், குரல் தாழாமல்.

பெரியவர் அவர் கையை இறுகப் பற்றி, "ஹலாலான வேலை. அல்லாஹ் பரக்கத் செய்வானாக" என்றார். இத்தனை மாதங்கள் அஞ்சி ஓடியது இவ்வளவுக்குத்தானா என்று நண்பர் வியந்தாராம்.

அன்பார்ந்த வாசகர்களே! இன்று ஜும்ஆ முடிந்து முற்றத்தில் நிற்கும்பொழுது உங்கள் எதிரில் நிற்பவர் யாரென்று பாருங்கள். எங்கே வேலை என்று கேட்குமுன், நலமா என்று கேளுங்கள். அவர் தம் வேலையைச் சொன்னால், அது எதுவாயினும், பரக்கத்துக்கு துஆச் செய்யுங்கள். நீங்களே அந்நிலையில் இருந்தால் தலைநிமிர்ந்து விடை சொல்லுங்கள்.

வல்ல நாயன் அல்லாஹ், நம் அனைவருக்கும் ஹலாலான உணவையும், அதில் நிறைந்த பரக்கத்தையும், இழப்பில் தளராத உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.